பெண்வழி வீடு: சேதுநாட்டுத் தாசியரும் கியோட்டோவின் கெய்ஷாக்களும்

இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. அரசியல் வரலாறு தேடுவோர் அங்கே அதைக் காண்பார்கள்: தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரை வரவேற்கும் மன்னர், இராஜராஜேசுவரி அம்மனிடமிருந்து செங்கோல் பெறும் மன்னர். இராமாயணமும் பாகவதமும் சுவர் சுவராக விரிகின்றன. மேல்தளத்துக்கு ஏறினால் காட்சி மாறிவிடுகிறது. அங்கே மன்னரைச் சுற்றிப் பெண்கள். இசை, நீராடல், அலங்காரம், காமனும் இரதியும். இந்த மேல்தள ஓவியங்களைச் சிற்றின்ப விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டுக் கீழ்த்தளத்தை மட்டும் வரலாறாகப் படிப்பது நம் வழக்கம். அந்தப் பழக்கம் தவறானது என்று நினைக்கிறேன். செங்கோல் வாங்கும் மன்னரும் மகளிர் சூழ அமர்ந்த மன்னரும் ஒரே அரசாட்சியின் இரு முகங்கள். அந்த ஆட்சிக்கு மறவர் படை எவ்வளவு தேவையோ, ஆடலும் பாடலும் அறிந்த பெண்களும் அவ்வளவு தேவை. படைத்தலைவர்களின் பெயர்கள் செப்பேடுகளில் நின்றன. சுவரில் நிற்கும் பெண்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் எத்தகைய வீடுகளிலிருந்து வந்தார்கள், அந்த வீடுகள் எதனால் நின்றன, எதனால் அழிந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தேவதாசி முறை பற்றிய நம் விவாதம் நூறாண்டுகளாக மானம், ஒழுக்கம், கலை என்ற மூன்று சொற்களுக்குள் சுழல்கிறது. ஒரு தரப்பு அவர்களைச் சுரண்டப்பட்ட பெண்கள் என்கிறது. மறு தரப்பு கலையின் காவலர் என்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அவர்களுடைய வீட்டைப் பார்ப்பதில்லை. நான் முன்வைக்கும் வாதம் இதுதான்: தாசி மரபின் மையம் ஆட்டமும் அல்ல, தெய்வத்துக்குப் பெண்ணை அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் அல்ல, பெண் தலைமையில், பெண்வழியில் சொத்தும் தொழிலும் இறங்கிவந்த ஒரு குடும்ப அமைப்பு அது. இருபதாம் நூற்றாண்டில் அந்த அமைப்பு கலைக்கப்பட்டபோது, கொடுமையோடு சேர்ந்து பெண்களின் கையில் இருந்த அதிகாரமும் போயிற்று. அது போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

சேதுநாடு எனப்பட்ட இராமநாதபுரச் சீமையின் அரண்மனையில் இந்தப் பெண்களின் எல்லை எதுவென்று காட்ட ஒரு வாரிசுப் போரே சான்று. கிழவன் சேதுபதியின் மகன் பவானி சங்கரத் தேவர் ஆற்றலுள்ளவர். ஆனால் அவருடைய தாய் செம்பிநாட்டு மறவர் குலத்துப் பட்டத்தரசி அல்லர். அதனால் அரியணைக்கு உரிமை மறுக்கப்பட்டது. தஞ்சை மராட்டியர் துணையோடு 1725இல் அவர் இராமநாதபுரத்தைக் கைப்பற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அவரை வீழ்த்தினர். அந்தப் போரின் விளைவாகவே சிவகங்கைச் சீமை தனியாகப் பிரிந்தது. அரசரோடு எவ்வளவு நெருக்கம் இருந்தாலும், முறைப்படி மணக்காத பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கு அரசு இல்லை என்பது இதில் தெளிவு. தந்தைவழிச் சொத்து அவர்களுக்கு அடைபட்ட கதவு. அப்படியானால் அரண்மனையையும் கோயிலையும் நம்பி வாழ்ந்த பெண்கள் தங்கள் பாதுகாப்பை வேறெங்காவது கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்தில் அதைக் கட்டிக்கொண்டார்கள்.

இது எவ்வளவு பழைய ஏற்பாடு என்பதற்குப் புராணமும் கல்வெட்டும் இருவேறு வகையில் சாட்சி சொல்கின்றன. பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த திருப்பூவணத்தின் பொன்னனையாள் கதையைத் திருவிளையாடற் புராணம் இரசவாதம் செய்த படலமாகச் சொல்கிறது. உருத்திர கணிகையான அவள் தன் வருவாயை எல்லாம் அடியார்க்கு அமுதிடுவதில் செலவழிக்கிறாள், இறைவனுக்குப் பொன்னால் திருவுருவம் வார்க்க ஆசை, பொன் இல்லை, சித்தராக வந்த சிவன் அவள் வீட்டுச் செம்பு பித்தளைகளைப் பொன்னாக்க வழி சொல்கிறார். கதையின் அற்புதத்தை விட்டுவிட்டு அதன் அடித்தளத்தைப் பாருங்கள். அந்த வீடு அவளுடையது, வருவாய் அவளுடையது, எதற்குச் செலவிடுவது என்ற முடிவும் அவளுடையது. கணவனையோ தந்தையையோ கேட்கும் காட்சி கதையில் இல்லை. கதை கேட்டவர்களுக்கு அது வியப்பாகவும் இல்லை. கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர், சோழர் காலக் கோயில் பெண்கள் ஆடுபவர்களாகத் தெரிவதைவிடக் கொடையாளர்களாகவே அதிகம் தெரிகிறார்கள் என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் காட்டினார். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காகக் கிடைத்தன என்பதை நாம் அறிவோம். வீடும் பங்கும் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தன என்பதே அதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

இராமேசுவரத்துக்கு வருவோம். சேதுபதிகள் தங்கள் பட்டப்பெயரையே இந்தக் கோயிலிலிருந்தும் சேதுவிலிருந்தும் எடுத்துக்கொண்டவர்கள். மூன்றாம் பிரகாரத்தின் நெடும் தாழ்வாரம் 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டி முடித்தது. வடநாட்டிலிருந்து வரும் யாத்திரிகர் கூட்டம், அன்றாட பூசைகள், ஆடித் திருக்கல்யாணம், வெள்ளிதோறும் பர்வதவர்த்தினி அம்மன் புறப்பாடு, இரவில் சுவாமி அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்கு எழுந்தருளல் என்று அந்தக் கோயிலின் நாள் முழுவதும் ஒரு ஒழுங்கில் ஓடியது. ஜேம்ஸ் பர்ஜஸ் 1883இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் அந்த ஒழுங்கை விவரித்து எழுதினார். குருக்கள், ஓதுவார், மேளக்காரர் போலத் தாசியரும் அந்த ஒழுங்கின் உறுப்புகள். தமிழகக் கோயில்களில் தாசிக்கு உரிய தனிச் சடங்கு கும்பாரத்தி. வீதியுலா போய்த் திரும்பும் மூர்த்தியின் மேல் பட்ட கண்ணேற்றை அவள் கும்ப விளக்கால் கழிப்பாள். கைம்மை அவளைத் தீண்டாது என்பதால் மங்கலம் அவளிடம் நிலைத்திருப்பதாக நம்பினார்கள். ‘நித்யசுமங்கலி’ என்ற தலைப்பிலேயே சாஸ்கியா கெர்சன்பூம் 1987இல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். இந்தப் பணிகள் முறை வைத்துப் பகிரப்பட்டன. இன்ன குடும்பத்துக்கு இன்ன நாள் முறை; முறைக்கு உரிய மானிய நிலம், நெல், கோயில் மரியாதை. முறை என்பது ஒரு சொத்து. அதைத் தாய் மகளுக்குக் கொடுத்தாள். மகள் இல்லாதவள் ஒரு பெண்ணைத் தத்து எடுத்து அவளுக்குக் கொடுத்தாள்.

தத்து எடுக்கும் இந்த உரிமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இதே இராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்த ஒரு வழக்கு இந்துச் சட்ட வரலாற்றில் பெரிய இடம் பெற்றது. சேதுபதியின் விதவையான ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் தத்து எடுத்தது செல்லுமா என்பது கேள்வி. ‘மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி’ என்ற அந்த வழக்கில் 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: கணவன் அனுமதி விட்டுச் செல்லாவிட்டாலும், அவனுடைய பங்காளிகளின் இசைவு இருந்தால் திராவிட நாட்டில் விதவை தத்து எடுக்கலாம். அன்றைய நிலையில் அது பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனாலும் ஒரு சமஸ்தானத்து ராணிக்குப் பங்காளிகளின் சம்மதம் வேண்டியிருந்தது. தத்துப்பிள்ளை ஆணாக இருக்க வேண்டும். அவன் கணவனின் பிள்ளையாகவே எண்ணப்படுவான். இதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1888இல், ‘வெங்கு எதிர் மகாலிங்கா’ வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தாசி தனக்காக ஒரு மகளைத் தத்து எடுத்ததை ஏற்றுக்கொண்டது. பம்பாய் நீதிமன்றமோ 1880இல் ‘மதுரா நாயகின்’ வழக்கில் அத்தகைய தத்தை ஏற்க மறுத்திருந்தது. ராணி கேட்க வேண்டியிருந்த சம்மதத்தைத் தாசி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெண்ணைப் பெண் வாரிசாக்கி, அந்த வாரிசுக்குத் தன் பெயரில் சொத்து விட்டுப்போகும் உரிமை, 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் தந்தைவழிச் சொத்துமுறை கொண்ட எந்த மேல்சாதிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் இல்லை.

இதை வைத்து அந்த வீட்டைச் சொர்க்கமாக்கிவிட முடியாது. தத்து என்ற பெயரில் வறிய பெற்றோரிடமிருந்து பெண்குழந்தைகள் வாங்கப்பட்டார்கள். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் அதற்காகவே தாசியர் மீது ஏவப்பட்டன. தத்தை ஏற்ற சென்னை நீதிமன்றமும் அது விபசாரத்துக்கு வழிசெய்வதாக இருக்கக் கூடாது என்று எல்லை கட்டியது. எட்டு, பத்து வயதுக் குழந்தைக்குப் பொட்டுக்கட்டும்போது அவளுடைய விருப்பம் என்று ஒன்று கிடையாது. வீட்டுத் தலைவியின் அதிகாரம் வீட்டுச் சிறுமியின் அடிமைத்தனத்தின் மேல் நின்ற தருணங்கள் உண்டு. இதை மறைப்பவர் வரலாறு எழுதவில்லை, துதி எழுதுகிறார்.

வெளியிலிருந்து பார்த்த ஆண்களின் கண்ணுக்கு இந்த வீடு எப்படித் தெரிந்தது என்பதை விறலிவிடுதூது நூல்கள் காட்டுகின்றன. நிலக்கோட்டைக் கூளப்ப நாயக்கன் மீது சுப்ரதீபக் கவிராயர் பாடியது புகழ்பெற்றது. சேதுபதி மீதும் ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதை: வெளியூர் போன ஆண் தாசியின் மையலில் விழுகிறான், தாய்க்கிழவி மகளுக்குச் சூது கற்பிக்கிறாள், அவன் பொருள் அனைத்தும் உருவப்பட்டு வீதிக்கு வருகிறான். இவை பகைச் சாட்சிகள். ஆண்களின் அவையில் ஆண்களைச் சிரிக்க வைக்க எழுதப்பட்டவை. ஆனால் பகைச் சாட்சி அறியாமல் சொல்லிவிடும் உண்மை நம்பத்தக்கது. அந்த வீட்டில் முடிவெடுப்பவள் மூத்த பெண், ஈட்டுபவள் இளைய பெண், பாட்டும் பரதமும் பேச்சுத்திறனும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன, கணக்கு வைக்கப்படுகிறது, ஆண் அங்கே வந்துபோகும் விருந்தினன் மட்டுமே. கவிராயர்களை உறுத்தியது காமம் என்று தோன்றவில்லை. காமத்தை அவர்கள் சுவைத்தே பாடுகிறார்கள். ஆணின் செல்வம் பெண்வழிச் சொத்தாக மாறிவிடுகிறது என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஜப்பானின் கெய்ஷா வரலாற்றை இங்கே அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். கெய்ஷா என்றவுடன் வெள்ளைப் பூச்சும் பட்டு கிமோனோவும்தான் நினைவுக்கு வரும். அவர்களைப் பரத்தையர் என்று எண்ணுவோரும் உண்டு. தொடக்கத்தில் அந்தத் தொழிலைச் செய்தவர்கள் ஆண்கள். விருந்துகளில் வேடிக்கை காட்டி, மேளம் தட்டி மகிழ்விப்போர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்கள் அதில் நுழைந்து விரைவில் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். எடோ நகரில் அரசு உரிமம் பெற்ற யோஷிவாரா பரத்தையர் பகுதி 1617 முதல் இருந்தது. அங்கேயே 1779இல் கெய்ஷாக்களுக்கு எனத் தனிப் பதிவகம் ஏற்பட்டது. பரத்தையரின் வாடிக்கையாளர்களைக் கெய்ஷாக்கள் கவர்ந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். பரத்தைத் தொழில் முதலாளிகளின் வருவாயைக் காக்கப் பிறந்த விதி அது. ஆனால் அதன் விளைவு வேறாக வந்தது. ஆடலும் சாமிசென் இசையும் உரையாடலும் ஒரு தொழில், உடல் விற்பனை வேறொரு தொழில் என்று அரசின் ஏட்டிலேயே பிரிந்துவிட்டது. நடைமுறையில் கோடு எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. செல்வப் புரவலர் ஒருவரைச் சார்ந்து வாழும் வழக்கம் இருந்தது. கன்னிமையை விலைபேசும் சடங்கு இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுமிகள் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு உழைத்தார்கள். கொடுமையில் நம் கதைக்கும் அவர்கள் கதைக்கும் பெரிய தூரம் இல்லை.

அமைப்பிலும் தூரம் இல்லை என்பதுதான் வியப்பு. கெய்ஷாக்கள் வாழும் ஒகியா என்ற இல்லத்தின் தலைவி ‘அம்மா’ என்று அழைக்கப்படுகிறாள். ஒரு பெண்ணை வாரிசு மகளாகத் தத்து எடுத்து இல்லத்தை அவளிடம் ஒப்படைக்கிறாள். மகன் பிறந்தால் அந்த வீட்டில் அவனுக்குப் பெரிய இடம் இல்லை. விருந்து நடக்கும் தேநீர் இல்லங்களும் பெரும்பாலும் பெண்களின் கையில். கியோட்டோவின் கியோன் பகுதியில் நடனம் கற்பிக்கும் இனோவே மரபில் ஆசிரியரும் பெண்ணே. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. நம் மரபில் சதிர் என்ற தாசி நடனத்தை ஆடியவள் பெண். ஆனால் ஆட்டுவித்த நட்டுவனார் பெரும்பாலும் ஆண். மேளமும் நாயனமும் ஆண்களுடையவை. அவர்கள் தாசி வீட்டின் சகோதரர்கள், மாமன்மார்கள். வீட்டில் பெண்ணுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள், ஆனால் வித்தையின் சாவியை வைத்திருந்தவர்கள்.

இரு நாடுகளிலும் அரசு தலையிட்டது. தலையிட்ட விதம் வேறு. ஜப்பானில் மெய்ஜி அரசு 1872இல் பரத்தையரையும் கெய்ஷாக்களையும் கடன்கட்டிலிருந்து விடுவித்து ஆணையிட்டது. அதே 1872இல் கியோட்டோ நிர்வாகம் தன் பொருட்காட்சியில் கெய்ஷாக்களைக் கொண்டு மியாகோ ஒடோரி என்ற பொது அரங்க நடனத்தைத் தொடங்கியது. அது இன்றும் வசந்தந்தோறும் நடக்கிறது. அதாவது கட்டை அறுத்த ஆண்டிலேயே அந்தப் பெண்கள் அதே பெயரோடு மேடையேற வழி கிடைத்தது. 1958இல் பரத்தையர் தடைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது கெய்ஷா இல்லங்கள் தொடர்ந்தன. பள்ளிப் படிப்பை முடிக்காத சிறுமியைச் சேர்க்க முடியாது என்ற நிலை வந்தது. கன்னிமை விலைபேசும் வழக்கம் ஒழிந்தது. 1920களில் சுமார் 80,000 பேர் இருந்த தொழில் இன்று ஓரிரு ஆயிரத்துக்குள் சுருங்கிவிட்டது. ஆனாலும் இருப்பவர்கள் தங்கள் கலையைத் தாங்களே வைத்திருக்கிறார்கள்.

தமிழகத்தில் நடந்தது நாம் அறிந்த கதை. ஆனாலும் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1890களில் சதிருக்கு எதிரான இயக்கம் எழுந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் நல்லூர்க் கோயிலில் தாசி நடனத்தை அதற்கு முன்பே கண்டித்திருந்தார். சென்னைச் சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி முன்னெடுத்து 1929இல் நிறைவேறிய திருத்தம், தாசியரின் மானிய நிலங்களைக் கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்தது. இது நல்ல சட்டம். பணி செய்யாவிட்டாலும் நிலம் அவளிடமே நின்றது. நான் சொல்லும் பெண்வழிச் சொத்தின் மதிப்பை உணர்ந்து எழுதப்பட்ட சட்டமாகவே அதைக் காண்கிறேன். 1947இன் இறுதியில் வந்த தேவதாசி தடைச் சட்டம் வேறு வகை. பொட்டுக்கட்டுவதை அது தடுத்தது. அதோடு கோயில் வளாகத்திலோ தெய்வ ஊர்வலத்திலோ பெண் ஆடுவதையும், கும்பாரத்தியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டே, சட்டவிரோதமாக்கியது. ஒரு குழந்தையை அவள் விருப்பமின்றி அர்ப்பணிப்பதும், ஐம்பது வயதுப் பெண் தான் அறிந்த சடங்கைச் செய்வதும் ஒரே சட்டத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டன. மறு ஆண்டே, 1948இல், எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சமீன்களை முடித்தது. சேதுநாட்டில் இவ்விரண்டும் சேர்ந்தே விழுந்தன: ஓராண்டில் கோயில் கதவு அடைபட்டது, அடுத்த ஆண்டில் அரண்மனைக் கதவு.

அரண்மனை ஆதரவு அதற்கு முன்பே தேய்ந்துவிட்டதே, சட்டத்தைக் குறை சொல்வானேன் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். 1803இல் சேதுநாடு நிலையான வரி கட்டும் சமீனாகச் சுருங்கியது முதல் வழக்கும் கடனும் அதை அரித்தன. விவேகானந்தரின் சிக்காகோ பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியின் கொடைத்தன்மையே அவரைக் கடனில் ஆழ்த்தியது. அரண்மனை நவராத்திரியின் ஆடம்பரம் அவருக்குப் பின் முன்போல் இல்லை. ஆனால் அதே அரண்மனையின் ஆதரவில் வளர்ந்த பூச்சி சீனிவாச ஐயங்காரின் இசை அழியவில்லை. அவருடைய மாணவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அதைச் சென்னை சபாக்களுக்குக் கொண்டுபோனார். பூச்சி ஐயங்கார் எழுதியவற்றில் ஜாவளியும் தில்லானாவும் உண்டு. ஆட்டத்தோடு பிறந்த உருப்படிகள். சமஸ்தானம் சாய்ந்தபோது ஆண் வித்துவானுக்குச் சபா என்ற மாற்று வீடு கிடைத்தது. தாசிக்கு அந்த வாசல் குறுகலாகவே திறந்தது. 1931இல் தாசி மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்களைச் சென்னை மியூசிக் அகாதெமியில் ஆடவைத்த ஈ. கிருஷ்ண ஐயர் அதை அகலமாக்க முயன்றார். அதே மரபில் வந்த பாலசரஸ்வதி தம் மேதைமையால் நுழைந்தார். பத்தே ஆண்டுகளுக்குள் அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு குடும்பங்களின் மகள்களுக்கு உரியதாகிவிட்டது. நட்டுவனார்கள் புதிய ஆசிரியர்களானார்கள். தாசியின் சகோதரனுக்கு வேலை கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தின் இன்னொரு பக்கத்தையும் காட்டினார்: சீர்திருத்தத்துக்குப் பின், தாசி மரபினரின் சமூகமான இசை வேளாளர் குடும்பங்களில் தலைமை பெண்ணிடமிருந்து ஆணுக்கு நகர்ந்தது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. இந்த முறையை ஒழிக்கப் போராடியவர்களில் முன்நின்ற இருவர் அந்தச் சமூகத்தின் உள்ளிருந்து வந்தவர்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சிறுவயதிலேயே தாசி வீட்டில் வளர்க்கப்பட்டவர். 1936இல் வெளிவந்த அவருடைய நாவலின் தலைப்பே ‘தாசிகளின் மோசவலை’ என்று தொடங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டி சேதுநாட்டுக்கு அண்டைச் சீமையான புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் அந்த மரபினர். உள்ளிருந்து பார்த்த இவர்களைவிட நமக்கு என்ன தெரியும்? இந்தக் கேள்விக்கு முன் தலைவணங்கவே வேண்டும். பொட்டுக்கட்டு ஒழிந்தது நியாயம். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் உள்ளிருந்து வந்த குரல் ஒன்றல்ல. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தாசியரும் சங்கம் கூட்டி, கல்வியும் கலைப் பயிற்சியும் கேட்டு, தங்கள் தரப்பை அரசின் முன் வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் நூலை 1910இல் முழுமையாக அச்சிட்டு, அது தடைசெய்யப்பட்டதையும் தாங்கியவர் அவர். ஒரே சமூகத்தின் அறிவார்ந்த பெண்கள் இரு தரப்பில் நின்றார்கள்; சட்டமன்றம் ஒரு தரப்பை மட்டுமே கேட்டது.

முத்துலட்சுமி ரெட்டியே இந்த இடைவெளியை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய செயல் சான்று. 1930இல் நாமக்கல்லிலிருந்து தாசி மரபைச் சேர்ந்த இளம்பெண்கள் சிலர் அந்த வாழ்விலிருந்து தப்பி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களைச் சேர்க்கச் சென்னையில் எந்த விடுதியும் முன்வரவில்லை. சாதி விடுதிகள் மறுத்துவிட்டன. அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவர் தொடங்கியதுதான் ஔவை இல்லம். அங்கே பெண்கள் படித்து ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் போனார்கள். தாய்வீட்டை விட்டு வந்த பெண்ணுக்குத் தேவைப்பட்டது இன்னொரு வீடு, ஒரு படிப்பு, தன் பெயரில் ஒரு வருவாய். சட்டத்துக்கு முன்பே அதை ஒரு மருத்துவர் தம் கைப்பணத்தில் செய்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடையும் தண்டனையும் இருந்தன. இல்லம், ஓய்வூதியம், பள்ளி என்று எதற்கும் ஒரு பிரிவு இல்லை.